பல் வைத்தியர் காட்சி

யேவ்லே, 1931 ஜனவரி 11

எவர்ட்,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. அதனால் வெறும் எவர்ட்.

சிக்னல் பயிற்சிக்காக ரயில்வே என்னை இங்கே அனுப்பியிருக்கிறது. நேற்று மதியம் வகுப்பு சீக்கிரம் முடிந்தது. எதிரே சினிமாக் கொட்டகை. வாசலில் ஆள் உயரத்துக்கு உன் மூஞ்சி. 'பிரபு வந்தாச்சு! நூற்றுக்கு நூறு பேசும் சிரிப்புப் படம்!' கூட இருந்த நாலு பேரிடமும் "அது என் தம்பிதாங்க" என்று பெருமையடித்து உள்ளே கூட்டிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கதை எல்லாம் பிரமாதம்தான். வடக்கேயிருந்து பெட்டி தூக்கிக்கொண்டு வருகிற ஒருவனை ரயில்வேயின் புது இயக்குநர் என்று நினைத்துக் கடற்கரை ஓட்டலே அவன் காலில் விழுகிறது. நிஜ இயக்குநர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறார். சரி, சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்காரனின் நடை யார் நடை? தொப்பியை இரண்டு கையாலும் கழற்றுகிறவன் யார்? பேசுவதற்கு முன்னால் காதைத் தொட்டுக்கொள்கிறவன் யார்? பத்தாவது நிமிடமே கூட வந்த நாலு பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் 'ஆமாம்' என்பதற்கு வாயைத் திறக்காமல், உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே சர்ரென்று இழுப்போமே, அதை வைத்துத்தான் படம் முழுக்கப் பிழைத்திருக்கிறாய். ஓட்டல்காரி "இந்த அறை போதுங்களா?" என்கிறாள். நீ மூச்சை இழுக்கிறாய். தெற்கத்திக்காரிக்கு அது என்ன தெரியும்? ஐயா அதிர்ந்துவிட்டார் என்று பயந்து இன்னும் பெரிய அறை தருகிறாள். சூப்புக்கு ஒரு மூச்சு, சுருட்டுக்கு ஒரு மூச்சு. கொட்டகை குலுங்குகிறது.

அப்புறம் அந்தப் பல் வைத்தியர். வெள்ளைக் கோட்டும் தெற்கத்திப் பேச்சுமாக ஒருவன், கையில் குறடோடு, "இப்பவே செஞ்சிடலாம், சம்மதமா?" என்று கேட்கிறான். நீ மூச்சை இழுக்கிறாய். "பயப்படறீங்க. சரி, காலைல வரைக்கும் பார்ப்போம்" என்று அவன் குறடைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறான். வைத்தியர் இதோ வருவார் என்று நீ வாயைப் பிளந்தபடி நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறாய். ஒருத்தி சிரித்துச் சிரித்து இருக்கையிலிருந்து சரிந்தே விட்டாள்.

'காலைல வரைக்கும் பார்ப்போம்.' என் ஹில்மாவைக் கொன்ற வார்த்தை அது. இந்த உலகத்தில் உன் ஒருத்தனிடம்தான் அதைச் சொன்னேன்.

பிப்ரவரி 22-ஆம் தேதி படம் நம் கல்லோசெனுக்கு வருகிறது. ஸ்டேஷனில் சுவரொட்டி ஒட்டியாயிற்று. ஒட்டியவள் என் மகள் தோரா, சித்தப்பா படம் என்று துள்ளிக்கொண்டு ஒட்டினாள். பனிப்புயலில் டாக்டர் வந்து சேர நேரமாகிவிட்டதால்தான் அம்மா செத்தாள் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பதினாறு வயதுப் பெண், அசடு அல்ல. அந்தக் காட்சியில் என்னைப் பார்த்தால் மிச்சத்தைத் தானே கண்டுபிடிப்பாள். அவள் அதைப் பார்க்கக் கூடாது. யார் காலில் விழுவாயோ தெரியாது. வெட்டு.

அல்கோட்


ஸ்டாக்ஹோம், ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எழுதலன்னாலும் நான் 'அன்புள்ள'ன்னுதான் எழுதுவேன்.

கடிதாசியை ஒப்பனை அறையில வெச்சுப் பிரிச்சுத் தொலைச்சேன். பாதி படிக்கறதுக்குள்ள மூஞ்சி செத்துப் போச்சாம். பக்கத்துல இருந்தவன் "யாராச்சும் போய்ட்டாங்களா?"ன்னு கேட்டான். ஆமாண்டா, என் மானம் போச்சுன்னேன்.

அண்ணா, கொஞ்சம் நிதானமா யோசி. அது பல் டாக்டர். பல்லு! பல்லைப் பத்தி ஜோக்கு அடிக்காத சிரிப்புப் படம் எங்கயாச்சும் உண்டா? வடக்கே இருக்கற எல்லாரும்தான் மூச்சை இழுக்கறாங்க. அது என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா? அப்படியே சொத்துன்னாலும் எனக்கும் அவர்தான் அப்பன். நடை உன்னுதுன்னு சொல்ற. ஒத்துக்கறேன். நான் வேற யார் நடையைப் பார்த்து வளர்ந்தேன்?

பதினாலு வருஷமா நாடகத்துல தட்டு தூக்கினேன். "சாப்பாடு தயார் எசமான்"னு ஒரே ஒரு வசனம். படம் பேச ஆரம்பிச்சதும் பெரிய பெரிய நடிகனெல்லாம் மைக்கைப் பார்த்து வெலவெலத்துப் போனான். யாருக்கும் புரியாத பேச்சுன்னு என்னை மட்டம் தட்டினவனுங்களே "அந்த வடக்கத்திக் குரலைக் கூப்பிடு"ன்னாங்க. வாழ்க்கையில மொத தடவையா என் பேரு பெரிய எழுத்துல. அதுல உனக்கு ஒரு சந்தோஷம்கூட இல்லையா?

வெட்டறது ஆகாத காரியம். பேச்சு பூரா இசைத்தட்டுல இருக்கு, படம் சுருள்ல இருக்கு. ரெண்டும் சேர்ந்து ஓடணும். ஒரு ஜாண் படத்தை வெட்டினா அந்தச் சுருள் முடியறவரைக்கும் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஓட்டல்காரி ஆம்பளைக் குரல்ல பேசுவா. கம்பெனியில கேட்டா என்னைத்தான் வெட்டுவாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவிச்சுக்கோ. பனிப்புயல் கதையை நானா தோராகிட்ட சொன்னேன்? நீ சொன்ன பொய்யைக் காப்பாத்த ஊரு ஊரா ஓடற படத்தை நிறுத்தச் சொல்ற. நல்லாயிருக்கு ஞாயம்!

எவர்ட்


கல்லோசென், ஜனவரி 25

எவர்ட்,

ஞாயம் பேசுகிறாயா? சரி, பேசுவோம். மறந்துபோன மாதிரி நடிக்கிறாயே, நடிகன்தானே. நினைவுபடுத்துகிறேன்.

1919. பிப்ரவரி. ஹில்மாவுக்கு வயிற்று வலி. பனிவண்டியில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தெற்கேயிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகாத டாக்டர். "வயித்தைத் திறக்கணும். ஆபத்து இருக்கு, சம்மதமா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். நம் அப்பா சொன்ன மாதிரி, ஊரே சொல்கிற மாதிரி, கல்யாணத்தில் பாதிரியாருக்கு நான் சொன்ன மாதிரி. மூச்சை இழுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார். அறுவை நடக்கிறது என்று நினைத்து நடைவழிப் பெஞ்சில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் வந்து, "நேத்து நீங்க அவ்வளவு பயந்தீங்களே, அதனாலதான் காலைல வரைக்கும் பார்ப்போம்னு விட்டேன்" என்றார். உள்ளே குடல்வால் வெடித்துவிட்டிருந்தது.

இதை அடக்கம் முடிந்த அன்று விறகுக் கொட்டகையில் உன்னிடம் சொன்னேன். நீ அழுதாய். "இந்தக் கொட்டகையை விட்டு வெளிய போகாதுண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். இன்றைக்கு அது ஊர் ஊராகப் போகிறது, டிக்கெட் கிழித்துக்கொண்டு!

ஹில்மா உன் அண்ணி. நீ நாடகம் என்று ஓடிப்போனபோது அப்பாவுக்குத் தெரியாமல் உனக்கு ரொட்டியும் உப்புக்கண்டமும் கட்டி அனுப்பினவள். சோறு போட்ட கைக்கு நீ செய்தது இதுதான். அந்தக் காட்சி உனக்கு எப்படிக் கிடைத்தது? சத்தியமாகச் சொல். பல், டாக்டர் என்று மழுப்பினால் இனி உனக்கு அண்ணன் கிடையாது.

அல்கோட்


ஸ்டாக்ஹோம், பிப்ரவரி 2

அண்ணா,

மழுப்பல. சொல்லிடறேன்.

படப்பிடிப்பு ஆரம்பிச்ச மூணாம் நாள். ஓட்டல்காரி ஏதோ கேட்டா, நான் பழக்கத்துல மூச்சை இழுத்துட்டேன். ஒலிப்பதிவுக்காரன் கண்ணாடிக் கூண்டை விட்டு ஓடியாந்தான். "மிஷின்ல எங்கயோ காத்து ஒழுகுது, நிறுத்துங்க!"ன்னு கத்தறான். ஒயரெல்லாம் பிரிச்சுத் தேடினாங்க. ஒழுகறது நான்தான்னு தெரிஞ்சதும் டைரக்டர் தரையில உட்கார்ந்து சிரிச்சாரு. அன்னிக்கே கதையை மாத்தினாங்க. அறைக்கு, சூப்புக்கு, சுருட்டுக்குன்னு எல்லாத்துக்கும் மூச்சு. கடைசியா, "எல்லாத்தையும்விடப் பெரிய சிரிப்பு ஒண்ணு வேணும், எவர்ட், உங்க ஊர்ல நிஜமா இப்படி ஏதாச்சும் நடந்திருக்கா?"ன்னு கேட்டாரு.

எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. பதினாலு வருஷத்துல ஒருத்தனும் அப்படிப் பார்த்ததில்ல. "ஒரு டாக்டர் கதை இருக்கு"ன்னுட்டேன். வாயை விட்டு வந்த அப்புறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. அதுக்குள்ள சிரிச்சு முடிச்சிட்டாங்க. பல்லுன்னு மாத்தினது மட்டும்தான் என்னால ஆச்சு. மூணு தடவை எடுத்தாங்க, மூணு தடவையும் நடிச்சேன். மூணாவதுல உன்னை மாதிரியே தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். யாரும் சொல்லித் தரல. நானேதான். அதுதான் படத்துல இருக்கு.

ஈனத்தனம்தான். அண்ணிகிட்ட மன்னிப்பு கேட்க முடியாது. உன்கிட்ட கேட்டா உதைப்ப. உதை.

ஆனா எனக்கும் ஒரு கோபம் இருக்கு, அதையும் கேளு. அந்தக் கொட்டகையிலயே சொன்னேன், கொழந்தை பெரிசானதும் அவகிட்ட உண்மையைச் சொல்லிடுன்னு. நீ கதவைச் சாத்திட்டுப் போன. போன வருஷம் தோரா எனக்கு எழுதியிருந்தா, 'சித்தப்பா, நான் நர்ஸ் படிக்கப் போறேன், பனியில மாட்டிக்கிட்ட டாக்டருக்கெல்லாம் உதவியா இருப்பேன்'னு. அதைப் படிச்சிட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ சொன்ன கதையை நம்பி ஒரு பொண்ணு வாழ்க்கையையே அமைச்சுக்கப் பார்க்குது!

இன்னும் இருபது நாள் இருக்கு. அவளைப் பக்கத்துல உட்காரவெச்சு நீயே சொல்லிடு. படம் அப்புறம் வெறும் படம்தான்.

எவர்ட்


கல்லோசென், பிப்ரவரி 11

எவர்ட்,

என் மகளுக்கு என்ன சொல்வது என்று எனக்கு நீ பாடம் எடுக்காதே. அந்த யோக்கியதையை மூன்று தடவை நடித்துத் தொலைத்தாயிற்று.

உன் உதவி தேவையில்லை. படம் ஓட்ட வருகிற ரூபென் என்பவனைப் பார்த்துப் பேசிவிட்டேன். நல்ல மனிதன், நம் பக்கத்து ஆள். சுருள் அறுந்தால் அறுந்த அளவுக்குக் கறுப்புச் சுருள் ஒட்டி ஓட்டுவார்களாம், இசைத்தட்டோடு அளவு தப்பாதாம். பல் வைத்தியர் வருகிற இடத்துக்கு மட்டும் கறுப்பை ஒட்டிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டான். திரை கொஞ்ச நேரம் இருட்டாக இருக்கும், அவ்வளவுதான். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

தோராவைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு மதியக் காட்சிக்குப் போகிறேன். போகாவிட்டால்தான் ஊர் பேசும். மறுநாள் உன் படத்தை இருவரும் மறந்துவிடுவோம்.

அல்கோட்


ஸ்டாக்ஹோம், பிப்ரவரி 18

அண்ணா, அவசரம்.

கறுப்பு ஒட்ட வேண்டாம். படத்தைத்தான் மறைக்கலாம், குரலை மறைக்க முடியாது. தட்டு ஓடிக்கிட்டேதான் இருக்கும். திரையில நான் கோமாளி மாதிரி மீசை ஒட்டிக்கிட்டு நிக்கறேன், அதைப் பார்த்தா நான்னு தெரியும். இருட்டுல கேட்டா அது நீதான். அவ உன் மூச்சைக் கேட்டு வளர்ந்தவ.

ஒண்ணு அந்தக் கறுப்பை நிறுத்து, இல்ல அவகிட்ட சொல்லிடு. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

எவர்ட்


கல்லோசென், பிப்ரவரி 24

எவர்ட்,

பனியில் தபால் வண்டி மாட்டிக்கொண்டதால் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் ரூபென் வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்திருந்தான்.

படம் போட்ட மக்கள் மன்றக் கூடத்தில் நிற்க இடமில்லை. மரம் வெட்டுகிறவர்கள், ரயில்வேக்காரர்கள், பாதிரியார் சம்சாரம், எல்லாரும். முதல் முறையாக ஒரு பேசும் படம், அதுவும் நம் ஊர்ப் பையன். தோரா என் பக்கத்தில், நீலச் சால்வை போட்டுக்கொண்டு, உன் பெயர் வந்ததும் கை தட்டினாள்.

இங்கே யாரும் நீ எதிர்பார்த்த இடத்தில் சிரிக்கவில்லை. தெரியுமா உனக்கு? அறை போதுமா என்று அவள் கேட்க, நீ மூச்சை இழுக்க, ஓட்டல்காரி பதறினாள். கொட்டகை சும்மா இருந்தது. "அவன்தான் போதும்னு சொல்லிட்டானே, அப்புறம் எதுக்கு இவ ஓடறா?" என்று எனக்குப் பின்னால் ஒருவர் கேட்டார். மூன்றாவது முறைக்குத்தான் விஷயம் புரிந்து, தெற்கத்திக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

பிறகு திரை இருண்டது. சுருள் அறுந்துவிட்டது என்று நினைத்து விசில் அடித்தார்கள். அந்த இருட்டில் குரல் வந்தது. "இப்பவே செஞ்சிடலாம், சம்மதமா?" பல் என்று தெரியாது, குறடு தெரியாது, ஒன்றும் தெரியாது. டாக்டர் குரல் மட்டும். அப்புறம் அந்த மூச்சு. நீ பாவி, எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறாய்! தோரா சட்டென்று என் பக்கம் திரும்பியது சால்வை உரசலில் தெரிந்தது. நான்தான் பதில் சொன்னேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"பயப்படறீங்க. சரி, காலைல வரைக்கும் பார்ப்போம்."

"ஆமான்னுதானடா சொன்னான், மடையா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். உடனே எல்லாரும் கத்தினார்கள். "சரின்னு சொல்லிட்டான்! செய்யி! திரும்பி வாடா டாக்டரு!" பாதிரியார் சம்சாரம் காலால் தரையை உதைத்தாள். என் ஊரே அந்த இருட்டைப் பார்த்து, அவன் ஆமாம் என்றான், ஆமாம் என்றான் என்று கத்துகிறது. பன்னிரண்டு வருஷமாக இதை ஒருத்தராவது எனக்காகச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"ஆமான்னுதான் நான் சொன்னேன்! நான் சொன்னேன்யா!"

கத்தினது நான்தான். அவன் என்று சொல்லவில்லை. நான் என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் திரையில் வெளிச்சம் வந்தது. சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தோரா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றாள்.

"நீ எப்பப்பா சொன்ன? யார்கிட்ட?"

சொன்னேன். நடுரோட்டில், பனியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரைத் திட்டுவாள், உன்னைத் திட்டுவாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"நீ அத்தனை நேரம் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தியா? ஒரு தடவைகூட எழுந்து போய்க் கேக்கலையா? கதவு பக்கத்துலதானே இருந்துச்சு?"

எழுந்து போகவில்லை. பெரிய டாக்டர், அவர் வேலையில் இருப்பார், நாம் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான். உன்னிடம் கொட்டகையில் அழுதபோதுகூட இதை நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

நேற்று முழுக்க அறைக்குள்ளேயே இருந்தாள். இன்று காலை பெட்டியோடு வெளியே வந்தாள். "நீ சொல்றதுல எது நெஜம், எது பொய்னு இனிமே எனக்குத் தெரியாதுப்பா. சித்தப்பாவைக் கேக்கறேன்" என்றாள். எத்தனை நாள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். நர்ஸ் படிப்புக்கான தாள்களையெல்லாம் எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள், ஹில்மாவின் புகைப்படத்தையும். திரும்பி வருகிறவள் அதை ஏன் எடுத்துப்போகிறாள்?

எட்டு நாற்பது வண்டி. பணியில் இருந்தது நான். வேறு ஆள் கிடையாது. அவள் எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள், முதுகுதான் தெரிந்தது. வண்டி நேரத்துக்குப் புறப்பட வேண்டும். கொடியைக் காட்டினேன்.

உனக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வரும்போது அவள் உன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒன்றும் சேர்க்காதே. அவளைச் சிரிக்க வைக்கப் பார்க்காதே.

உன் மேல் இருக்கிற கோபம் ஒரு துளி குறையவில்லை. ஊர் எனக்காகக் கத்தியதை வைத்து உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நீ விற்றது விற்றதுதான்.

இங்கே மறுபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பயணிகள் அறைப் பெஞ்ச். மதியம் மேலதிகாரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், பன்னிரண்டு வருஷத்தில் முதல் விடுப்பு. வியாழக்கிழமை வண்டியில் வருகிறேன். வீட்டுக்குத் திரும்பி வருவாயா என்று அவளிடம் நானே கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் அதையும் அவள் வாயால் நானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீ ஸ்டேஷனுக்கு வராதே, பார்த்தால் அடித்துவிடுவேன். வழி கேட்டுக்கொண்டு நானே வருகிறேன்.

அல்கோட்